பாண்டு போட்ட பைலட்களும் நானும்: கேள்வி பதில்

பதினோரு வருடம் ஒரு விமானக் கம்பெனியின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து பைலட் பாண்டுகளை எழுதினேன். பாண்டு என்றால், கம்பெனி பயிற்சி கொடுக்கும், பதிலுக்கு இத்தனை வருடம் வேலை பார்ப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்று பைலட் எழுதிக் கொடுப்பது. அப்புறம் எதிர்ப்பக்கம் வந்து, அதே பாண்டுகளைப் பிரிக்கும் வேலையைச் செய்கிறேன். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். உங்கள் ஒப்பந்தத்தை நான் படிக்கவில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சி) கம்பெனி செலவில் கொடுத்தார்கள். ஐந்து வருட பாண்டு, 25 லட்சம். மூன்று வருடம் இரண்டு மாதம் முடித்துவிட்டேன். இப்போது விலகினால் 25 லட்சமும் கட்ட வேண்டுமா சார்? (ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட், பெங்களூரு)

பாண்டில் இருக்கும் தொகை உங்கள் கடன் அல்ல, உச்சவரம்பு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்வது அதுதான்: ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கிவிட்டது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்காக உண்மையில் எவ்வளவு செலவானது என்று. சிமுலேட்டர் பில், பயிற்சி மையத்துக்குக் கட்டிய தொகை, தங்கும் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்தது, நீங்கள் வேலை பார்த்த காலம். அறுபது மாதத்தில் முப்பத்தெட்டு முடிந்தது, மீதி இருபத்திரண்டு. 25 லட்சத்தையே அடிப்படையாக வைத்தாலும் கணக்கு 9.17 லட்சத்தில் நிற்கும். உதாரணத்துக்கு, உண்மைச் செலவு 15 லட்சம்தான் என்றால் 5.5 லட்சம். கோர்ட் இப்படியே கணக்குப் போடும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. பேச்சுவார்த்தையைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. "27-ஆம் பிரிவுப்படி பாண்டே செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். (ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற, அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு அது.) 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. விலகியவருக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் கொடுத்த வெற்றி அத்தோடு போயிற்று. ஆனால் அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவு, 2 லட்சம். எந்தத் தொகை எழுதினாலும் செல்லும் என்று அதற்கு அர்த்தமில்லை.

நான் வேறு ஏர்லைனுக்குப் போகாமல் கோர்ட் தடுக்குமா?

பிடிக்காத வேலையைக் கட்டாயப்படுத்திச் செய்யச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. பணம் கேட்கலாம். உங்களைக் கேட்க முடியாது.

சேரும்போது தேதி போடாத செக் மூன்று வாங்கிக்கொண்டார்கள். அதனால் என்ன ஆகும்? (சென்னை)

அடக் கடவுளே. பாண்டைவிட எனக்குப் பயம் தருவது இதுதான். பாண்டை வைத்து வசூலிக்க சிவில் வழக்கு போட வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். செக் திரும்பினால் அது நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, கிரிமினல் வழக்கு. வங்கியிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் விடுவார்கள், பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

"கையெழுத்து மட்டும்தான் என்னுடையது, மற்றதெல்லாம் அவர்கள் எழுதியது" என்பது உதவாது. 2019-இலேயே சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. கணக்கை மூடிவிடலாம் என்று ஒரு புத்திசாலித்தனம் உண்டு. 1999-லேயே அதற்கும் பதில் சொல்லியாயிற்று, கணக்கு மூடிய செக்கும் திரும்பிய செக்தான். உங்கள் பக்கம் இருப்பது 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு: செக்கை வங்கியில் போடும் நாளில் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் அந்தத் தொகைக்கு இருக்க வேண்டும். பகுதிப் பணம் கட்டிய பிறகு முழுத் தொகைக்குப் போட்டால் 138 நிற்காது. ஆகவே விலகுவதற்கு முன்பே, கணக்குக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். தகராறு இல்லாத தொகையை வங்கி வழியாகக் கட்டுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். செக்கைத் திருப்பிக் கேட்டும் எழுதுங்கள்.

இனி சேரப் போகிறவர்களுக்கு: தேதி போடாத செக் தராதீர்கள்.

பாண்டு பணம் முழுவதும் கட்டிவிடுகிறேன். நாளைக்கே போகலாமா?

முடியாது தம்பி. பாண்டு ஒரு பூட்டு, நோட்டீஸ் பீரியட் வேறொரு பூட்டு. இரண்டுக்கும் ஒரே சாவி இல்லை. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் 2017 விதிப்படி கமாண்டருக்கு ஒரு வருடம், துணை பைலட்டுக்கு ஆறு மாதம். பைலட் சங்கங்கள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். ஆனால் உங்கள் ஒப்பந்தத்திலும் அதே காலம் எழுதியிருந்தால், விதி என்ன ஆனாலும் ஒப்பந்தம் உங்களைக் கட்டும். கம்பெனி என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) கொடுத்தால் முன்னதாகப் போகலாம்.

2023-இல் ஆகாசா ஏரிலிருந்து 43 பைலட்கள் நோட்டீஸ் முடிக்காமல் போனது நினைவிருக்கும். கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. வேறு ஊர்களில் இருந்தோம், பம்பாய்க்கு அதிகாரமில்லை என்று பைலட்கள் வாதாடினார்கள்; கோர்ட் ஏற்கவில்லை, வழக்கைப் பம்பாயிலேயே நடத்த அனுமதித்தது. அப்போது டி.ஜி.சி.ஏ. டெல்லியில் என்ன சொன்னது தெரியுமா? வேலை ஒப்பந்தத்தில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. விதி போட்டவர்களே!

என் பாண்டு 20 லட்சம், இரண்டு வருடம் முடிந்தது, முழுசும் கட்டணுமா?

முதல் பதில்.

அப்பா ஷ்யூரிட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறார். ரிட்டயர்டு ஆசிரியர், திருச்சியில் இருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்வார்களா?

செய்யலாம் அம்மா. ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன்காரர் பொறுப்பும் சமம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. உங்கள்மேல் வழக்குப் போடாமல் நேரே அப்பா மேலேயே போடலாம். பேச்சுவார்த்தையில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: தொகை கட்டியதும் ஷ்யூரிட்டியும் விடுவிக்கப்படுகிறார் என்று. செக்கும் கொடுத்திருக்கிறாரா என்று இன்று இரவே அவரைக் கேளுங்கள்.

வக்கீல் சார், நீங்கள் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் ட்ரெய்னிங் கேப்டன். சிமுலேட்டர் பில் மட்டும்தான் செலவா? பயணிகள் இல்லாத விமானத்தில் லேண்டிங் பழக்க எரிபொருள் யார் கொடுத்தது? அதற்குப் பிறகு லைன் ட்ரெய்னிங்கில் மாதக்கணக்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேனே?

கேப்டன், லேண்டிங் பயிற்சியை ஒப்புக்கொள்கிறேன். அது சுத்தமான செலவு. லைன் ட்ரெய்னிங் அப்படியில்லை. வலது சீட்டில் பையன், பின்னால் டிக்கெட் வாங்கிய 180 பயணிகள். விமானம் அன்று எப்படியும் பறக்கத்தான் வேண்டும், இடது சீட்டில் எப்படியும் ஒரு கேப்டன் வேண்டும். இதைச் செலவு என்று எழுதினால், அந்த டிக்கெட் வருமானத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

(அதே கேப்டன்) ஆரம்ப நாட்களில் பின் சீட்டில் சேஃப்டி பைலட் ஒருவர் உட்காருவார். அவர் சம்பளம்? எனக்குத் தரும் இன்ஸ்ட்ரக்டர் அலவன்ஸ்? இதெல்லாம் வானத்திலிருந்து விழுந்ததா?

சேஃப்டி பைலட் கணக்கு நியாயம். அலவன்ஸும் நியாயம். நான் கம்பெனியில் இருந்தபோது இந்த இரண்டையும் தனியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். மேலே இருந்தவர்கள் "பயிற்சிச் செலவு, மொத்தம்" என்று ஒரே வரியில் போட்டார்கள். பிரித்து எழுதியிருந்தால் இன்று வசூலித்திருக்கலாம். மொத்தமாகப் போட்டதில் எது நிஜம், எது ஊதியது என்று அவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

(ஃபர்ஸ்ட் ஆபீசர், ஹைதராபாத்) கேப்டன் சார், லைன் ட்ரெய்னிங் முடியும்வரை எனக்கு ஸ்டைபெண்ட்தான். முழுச் சம்பள பைலட் உட்கார வேண்டிய இடத்தில் கால் சம்பளத்துக்கு உட்கார்ந்தேன். மிச்சமான பணத்தையும் கணக்கில் சேர்க்கலாமா?

இதைத்தான் நானும் கேட்க இருந்தேன்.

(கேப்டன்) ஒரு பையன் ஓடினால் அடுத்த மாத ரோஸ்டரில் நான் கூடுதல் செக்டர் பறக்கிறேன். அதையும் சேருங்கள்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது நோட்டீஸ் பீரியட் மீறியதன் நஷ்டம், பயிற்சிச் செலவு அல்ல. இரண்டையும் ஒரே பையில் போட்டு இரண்டு முறை வசூலிக்கப் பார்ப்பதுதான் கம்பெனிகளின் வழக்கமான தவறு. இதோடு இந்த வாதத்தை நிறுத்துவோம், பின்னால் ஆள் காத்திருக்கிறார்கள்.

பாண்டு தொகையோடு 18% ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கை, ஊழியர் முன்கூட்டி விலகும்போது வாங்கும் பாண்டு தொகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்கிறது. சுற்றறிக்கையை அச்செடுத்து அனுப்புங்கள், அடுத்த மெயிலில் அந்த வரி காணாமல் போகும்.

நான்கு மாதம் சம்பளம் வரவில்லை, அதனால் விலகினேன். இப்போது பாண்டு கேட்டு வக்கீல் நோட்டீஸ்.

சம்பளம் தராதது அவர்கள் செய்த முறிவு, அதுதான் முதலில் நடந்தது. பதில் நோட்டீஸில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும், பாக்கிச் சம்பளத்தையும் கேளுங்கள். நோட்டீஸுக்குப் பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தோஹாவில் பறக்கிறேன். இங்கே பாண்டு முறித்தால்?

என் துறை இல்லை. அங்கத்திய வக்கீலைப் பாருங்கள், டிக்கெட் போடுவதற்கு முன்பே பாருங்கள். வளைகுடாவில் கடன் வழக்கு இருந்தால் பயணத் தடை வரலாம்.

கட்டிய பாண்டு பணத்தை வருமான வரியில் கழிக்கலாமா?

ஆடிட்டர்.

சார், ஐந்து வருட பாண்டு, 30 லட்சம், நான்கு வருடம்...

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்.

நாளைக்கு டைப் ரேட்டிங் பாண்டில் கையெழுத்துப் போடுகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். பாண்டு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் பாருங்கள். சேர்ந்த நாளா, லைன் ட்ரெய்னிங் முடிந்து லைன் ரிலீஸ் ஆன நாளா? சிமுலேட்டர் ஸ்லாட் கிடைக்காமல் எட்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தால் அது யார் கணக்கு? கம்பெனியே உங்களை நீக்கினால் பாண்டு விழுமா? கையெழுத்திட்ட நகல் ஒன்றை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், செக் கேட்டால் தராதீர்கள்.

செக் போன வாரமே கொடுத்துவிட்டேன் சார்.

மூன்றாவது பதிலுக்குப் போங்கள் தம்பி.