தத்தெடுத்த நாய் பொம்மைகளைத் தொடவே மறுக்கிறது. அதை எப்படி விளையாட வைப்பது?

தத்தெடுத்து ஆறு வாரம் ஆகிறது, வாங்கிக் கொடுத்த எந்தப் பொம்மையையும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, பந்தை உருட்டினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "குறையுள்ள நாயோ என்னவோ, காப்பகத்திலேயே திருப்பி விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள்" என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து திருப்பி விடாதீர்கள். எங்கள் செல்லி முதன்முதலாக விளையாடியபோது அவள் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

உங்கள் நாய் எங்கேயோ கட்டிக் கிடந்த நாயாகவோ, தெருவில் பசியோடு வளர்ந்த நாயாகவோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். செல்லி கட்டிக் கிடந்தவள். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் காவலுக்கு வைத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் மீட்டுக் கோயம்புத்தூரில் ஒரு காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். 2022 அக்டோபர் முதல் வாரம் நாங்கள் அழைத்து வந்தோம். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. இன்றும் அங்கே முளைக்கவில்லை. மூன்று நான்கு வயது இருக்கலாம் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது என் மகள் எட்டாம் வகுப்பு. உண்டியல் காசையும் சேர்த்து 1,850 ரூபாய்க்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கினாள். அமுக்கினால் கீச்சென்று கத்தும் மஞ்சள் வாத்து, சிவப்புப் பந்து, ரப்பர் எலும்பு, கயிற்று முடிச்சு. வாத்தைச் செல்லியின் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினாள். செல்லி நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அன்று இரவு வைத்த சோறு காலையில் அப்படியே இருந்தது. மகள் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தக் காயம் ஆறுவதற்குள் 24-ஆம் தேதி தீபாவளி வந்துவிட்டது. மூன்று நாள் செல்லி வாசலைத் தாண்டவில்லை.

நான் செய்த தவறு, அந்தப் பொம்மை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வேறொன்று வாங்கியது. அதுவும் பிடிக்காமல் இன்னொன்று. ஒவ்வொன்றையும் அவள் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் ஆட்டினேன். அவள் இடத்தில் இருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஆள் எதிரே வந்து, கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு, ரப்பர் நாற்றம் அடிக்கும் எதையோ மூக்கில் இடிக்கிறார். அவளுக்குத் தெரிந்து ஓங்கிய கையில் தடி மட்டும்தான் இருந்திருக்கும். போதாததற்கு, நாய்க்கு விளையாட்டு என்பதே துரத்துவதும் கவ்வுவதும் கிழிப்பதும்தான், வேட்டையில் செய்கிற அதே வேலைகள். எந்த முயலும் நாயின் முகத்தை நோக்கி ஓடி வராது. நான் பொம்மையை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் மாமியார் அன்னூர்ப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர். ஒரு மாதம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மணி, கன்றுக்குட்டிகூட வயிறு நிறைந்து பயம் தெளிந்தால்தான் துள்ளும். நீ கொஞ்ச நாள் சும்மா இரு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டேன்.

நவம்பரில் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார். வலது கோரைப்பல் பாதியில் உடைந்து உள்ளே இருக்கும் நரம்பு வெளியே தெரிந்தது. மற்ற பற்களும் தேய்ந்திருந்தன. சங்கிலியைக் கடித்துக் கடித்து வந்த வினை. இந்த வாயோடு இருந்தவளிடம்தான் கெட்டி ரப்பர் எலும்பைக் கடி கடி என்று கெஞ்சியிருக்கிறேன். பல்லைப் பிடுங்கிய பிறகுதான் அவள் தலையை நிமிர்த்தி நடந்தாள். நான் கால்நடை மருத்துவர் இல்லை, இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று சிலர் கேட்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பொம்மை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். பல், காது, மூட்டு, உண்ணிக்காய்ச்சலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. வலி இருக்கும் உடம்புக்கு விளையாட்டு வராது.

"குறையுள்ள நாய்" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாய்க்குட்டி பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான் உலகத்தில் எது எது பயப்பட வேண்டாதது என்று சுலபமாகக் கற்றுக்கொள்ளும். கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு விளையாடப் பழகுவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் தகரக் கொட்டகையும் சங்கிலியும் மட்டுமே பார்த்த நாய்க்கு, பந்து என்பது என்ன பொருள் என்றே தெரியாது. அதன் பிறகும் கற்றுக்கொள்ளும், நாள்தான் அதிகம் பிடிக்கும்.

இனி உங்களுக்குப் பயன்படும் பகுதி. 2023 பொங்கல் முடிந்த வாரம், கடையிலிருந்து முப்பது முட்டை அட்டையோடு வாங்கி வந்தேன். முட்டைகளை எடுத்து அடுக்கிவிட்டுக் காலி அட்டையைச் சமையலறைத் தரையில் வைத்தேன். நான்கு மாதமாக எந்தப் புதுப் பொருளையும் நெருங்காத செல்லி, தானாக எழுந்து வந்தாள். கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைத் தயாராகப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, மூக்கை ஒவ்வொரு குழியிலும் விட்டு விட்டு எடுத்தாள். முப்பது குழியையும் விடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பண்ணையில் இந்த அட்டைகளை அவள் பக்கத்தில்தான் அடுக்கியிருப்பார்கள், உடைந்த முட்டை ஏதாவது நக்கக் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். கடையில் வாங்கிய எதிலும் அவளுக்குத் தெரிந்த வாசனை இல்லை. இதில் இருந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் குழிகளில் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவு நறுக்கிப் போட்டு வைத்தேன். வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன், பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். ஒரு வாரம் கழித்துக் குழிகளின் மேல் கந்தல் துணிகளைச் சொருகினேன். மூக்கால் தள்ளி எடுத்தாள். பிறகு பழைய துண்டில் ஈரலை வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன், காலால் பிரித்தாள். ஒருநாள் ஈரல் தீர்ந்த பிறகும் அட்டையை விடாமல் காலடியில் அமுக்கி நார் நாராகக் கிழித்தாள். வீடெல்லாம் குப்பை. திட்ட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவளாக, பசிக்காக அல்லாமல் செய்த முதல் காரியம் அது. காகிதத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். செல்லி விழுங்க மாட்டாள், துப்பிவிடுவாள். நானும் பக்கத்திலேயே இருந்தேன். விழுங்குகிற நாயாக இருந்தால் கொடுக்காதீர்கள். ஒட்டுநாடா, பின் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். வெங்காயம், உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு எதையும் ஆசை காட்ட வைக்காதீர்கள்.

இதற்கிடையில் என் கணவரும் மகளும் தினம் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, முடிச்சுப் போட்ட பழைய பனியனை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுவார்கள். செல்லியை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. கட்டிலுக்கு அடியில் இருந்து பார்ப்பாள். பிறகு கட்டிலுக்கு வெளியே இருந்து பார்த்தாள். பிறகு பனியனைக் கயிற்றில் கட்டி அவளை விட்டு விலகிப் போகிற மாதிரி தரையோடு இழுத்தோம். நாய்க் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும் என்று படித்த பிறகு, வாசல் செம்மண்ணில் கிடந்த சிவப்புப் பந்தை விட்டுவிட்டு நீலப் பந்துக்கு மாறினோம். தலையைத் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். வாசலில் இரண்டு தென்னை. காற்றில் ஒரு குரும்பை உதிர்ந்து, சிமெண்டுத் தரையில் துள்ளி, செல்லிக்கு ஒரு முழம் தள்ளி உருண்டு போனது. எழுந்தாள். காது இரண்டும் முன்னால் வந்தன, கருத்தடை அடையாளமாக வெட்டிய நுனியோடு. காற்று அதை இன்னும் கொஞ்சம் உருட்டியது. ஒரு காலால் தட்டினாள். அது ஓடியது. பின்னால் ஒரு எட்டுத் துள்ளினாள். பிறகு முன்னங்கால் இரண்டையும் தரையோடு நீட்டி, மார்பு மண்ணில் பட, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, அந்தக் குரும்பையைப் பார்த்து ஒரே ஒரு குரை குரைத்தாள். அவள் குரலையே நாங்கள் அன்றுதான் கேட்டோம். மாமியார் கையிலிருந்த முறத்தோடு அப்படியே நின்றுவிட்டார். யாரும் பேசவில்லை. கவ்விக்கொண்டு தென்னையை மூன்று சுற்றுச் சுற்றி ஓடினாள்.

அந்த வாசலுக்கு நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். செல்லி வந்த மாதமே அப்போதிருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பதினொரு வீடு பார்த்தோம். முன்பணம் பேசி முடித்து, சாவி வாங்கப் போனபோது "நாயா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது, மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகைக்கு விடுகிறவரே மாட்டேன் என்றால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தத்தெடுங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எடுத்தவர்கள் எங்கே குடியிருப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. சின்னியம்பாளையத்தில் இந்த ஓட்டு வீடு கிடைத்தது ஒரு பெரியவரின் நல்ல மனத்தால்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்கள் பற்றி உத்தரவிட்டதிலிருந்து, நாயைப் பற்றி எது எழுதினாலும் சண்டைக்கு வருகிறார்கள். கடிபட்டவர்களின் வேதனை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. இங்கே கேட்டிருப்பது ஒரு வீட்டுக்குள் வந்துவிட்ட நாயைப் பற்றி. மனிதனுக்கே வழியில்லாதபோது நாய்க்கு விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு: ஒரு முட்டை அட்டையும் கிழிந்த பனியனும்தான் செலவு.

குரும்பையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நார் குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சை வரை போகும் என்று மருத்துவர் கண்டித்தார். ஆகவே தட்டி உருட்ட மட்டும் விடுகிறோம், மென்று பிய்க்கத் தொடங்கினால் ஈரல் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்வோம். வாயிலிருந்து பிடுங்குவதில்லை. ஒருமுறை பிடுங்கினால் அடுத்த முறை உறுமும், அதற்கு நாயைக் குறை சொல்ல முடியாது. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போதும், அதற்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

செல்லிக்கு இப்போது ஆறேழு வயது. பனியன் முடிச்சு, நீலப் பந்து, குரும்பை, இந்த மூன்றோடு சரி. மஞ்சள் வாத்து பரணிலேயே இருக்கிறது, அதை எடுக்க மாட்டோம். உங்கள் நாய் உங்களிடம் வருமுன் எங்கே இருந்தது என்று காப்பகத்தில் கேட்டீர்களா? ஓட்டலுக்குப் பின்புறமா, மாட்டுத் தொழுவமா, மீன் சந்தையா? கேட்டுவிட்டு எழுதுங்கள். அங்கே அதற்குப் பழகிய பொருள் எது என்று சேர்ந்து யோசிக்கலாம்.