மறு: ஹாமில்டன் – ஜெஃபர்சன் பிளவு எங்கே தொடங்கியது?

பிரெஞ்சுப் புரட்சியால்தான் அமெரிக்காவில் ஹாமில்டன் அணி, ஜெஃபர்சன் அணி என்று கட்சிகள் பிறந்தன என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது என்கிறீர்கள். நண்பரே, புரட்சி எரிகிற தீயில் ஊற்றிய எண்ணெய்தான். 1790-இல் மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றார் நிதியமைச்சர் ஹாமில்டன். தன் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டிருந்த வர்ஜீனியா, அதாவது ஜெஃபர்சனின் மாநிலம், கொதித்தது. தலைநகரை வர்ஜீனியாவை ஒட்டிய பொடோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும் பேரத்தில் அந்தச் சண்டை ஒருவழியாக முடிந்தது.

1791-இல் ஹாமில்டனின் தேசிய வங்கித் திட்டம் வந்தபோது பேரம் எடுபடவில்லை. அரசியல் சட்டம் அதற்கு அதிகாரமே தரவில்லை என்றனர் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் நாடாளுமன்ற உறுப்பினர் மேடிசனும். அதே ஆண்டு கவிஞர் ஃப்ரெனோ ஹாமில்டனை எதிர்க்கும் பத்திரிகை தொடங்கினார், அவருக்கு ஜெஃபர்சன் தன் வெளியுறவுத் துறையிலேயே மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்திருந்தார் (அரசுச் சம்பளத்தில் அரசைத் திட்டுவது!). 1793-இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட போரையும், அமெரிக்கா பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே உடன்படிக்கையையும் இதற்குப் பிறகு எழுதுங்கள்.