பிசிஓஎஸ் இருந்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?

கேட்டவருக்கு 29 வயது. பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளிவராமல் மாதவிடாய் தள்ளிப்போகும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறது, நாலு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, இடது மார்பில் வலி, தொட்டால் ஏதோ தட்டுப்படுகிறது. சினைப்பையில் இருந்த நீர்க்கட்டி மார்புக்கும் வந்துவிட்டதா, அது புற்றுநோயாக மாறுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. பல வருடமாக இதே பிசிஓஎஸ்ஸோடு குடித்தனம் நடத்துகிறவள். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், நீர்க்கட்டி இடம் மாறி வராது. சினைப்பை ஸ்கேனில் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிபவை பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான் இருக்கும். மார்பில் வரும் நீர்க்கட்டி பால் சுரப்பிப் பகுதியில் நீர் தேங்குவதால் வருவது. அது வேறு, இது வேறு.

ஆனால் இரண்டு இடத்துக்கும் ஹார்மோன் பொது. முட்டை வெளியான பிறகுதான் புரோஜெஸ்டிரோன் நன்றாகச் சுரக்கும். முட்டை வராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எதிர்ப்பில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மார்பு முடிச்சு முடிச்சாக இருப்பது அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சின்ன ஆய்வுகள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். மார்பு வலி என்றாலே "பீரியட்ஸ் வந்தால் சரியாகிவிடும்" என்பார்கள். எப்போது வரும் என்றே தெரியாதவளிடம் சொல்கிற ஆலோசனையா இது?

புற்றுநோய் விஷயத்துக்கு வருவோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிசிஓஎஸ் இருப்பதால் மட்டும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதாகத் தெளிவாகத் தெரியவில்லை. குழந்தை பெறாதது, முதல் குழந்தை தாமதமாவது, மாதவிடாய் நின்ற பிறகு உடல் எடை கூடுவது ஆகியவை யாருக்குமே ஆபத்தைச் சற்றுக் கூட்டும். பிசிஓஎஸ்காரர்களிடம் இவை கொஞ்சம் அதிகம் காணப்படுவதால் பிசிஓஎஸ்ஸே காரணம்போலத் தோன்றிவிடுகிறது.

நிஜமாகவே கவனம் போக வேண்டிய இடம் கர்ப்பப்பை. பீரியட்ஸ் வராததால் அதன் உட்சுவர் உரியாமல் தடித்துக்கொண்டே போனால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 2023இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலும் இதைச் சொல்கிறது, மொத்தத்தில் வாய்ப்பு குறைவுதான் என்ற ஆறுதலோடு. எனவே உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது மார்பு வலியைவிட அந்த "நாலு மாதம்". 90 நாளைத் தாண்டிவிட்டால் காத்திருக்கக் கூடாது. கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் சில நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை வரவழைப்பார்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் பயம் இருக்கும். பீரியட்ஸை ஒழுங்குபடுத்தக் கொடுக்கும் கருத்தடை மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மாதம் மார்பு வலிக்கலாம். முகத்து முடிக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோனும் அப்படித்தான். கருத்தடை மாத்திரையால் புற்றுநோய் வருமா என்றால், டென்மார்க்கில் சுமார் 18 லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஹார்மோன் கருத்தடை முறைகளை ஒரு வருடம் பயன்படுத்தும் 7,690 பெண்களில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று அதில் கணக்கிட்டார்கள். அதே மாத்திரைதான் கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கவும் செய்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும், மாத்திரை எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முட்டை வளர எனக்கு லெட்ரசோல் எழுதிக் கொடுத்தார்கள். அட்டைக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தால் முதல் வரியிலேயே மார்பகப் புற்றுநோய்! கை நடுங்கிவிட்டது. விஷயம் இதுதான்: அந்த மருந்து உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் கட்டிக்கு எதிராக அது வேலை செய்கிறது. நமக்குச் சில நாள் மட்டும் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதே என்று மூளை உஷாராகி முட்டையைத் தூண்டும் ஹார்மோனை அதிகம் அனுப்பும். மருந்து ஒன்று, வேலை இரண்டு.

இப்போது கையில் தட்டுப்படுகிறதே, அது. "உனக்குத்தான் ஹார்மோன் பிரச்சினை இருக்கே, அதனாலதான்" என்று யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், டாக்டர் தொட்டுப் பரிசோதிக்காமல் விடாதீர்கள். பிசிஓஎஸ் உள்ளவருக்கும் சாதாரணக் கட்டி வரும், மோசமான கட்டியும் வரும், மற்ற எல்லோரையும் போலவே. 30 வயதுக்குக் கீழே பொதுவாக அல்ட்ராசவுண்டுதான் முதலில் எடுப்பார்கள். அறிக்கையின் கடைசியில் பை-ராட்ஸ் என்று, எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் ஊசி வைத்துத் திசு எடுக்கச் சொல்வார்கள்.

காம்பிலிருந்து இரண்டு பக்கமும் பால்போல வந்தால் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), தைராய்டு பரிசோதனை தேவை. ஒரே பக்கம், தானாக, ரத்தம் கலந்து வந்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்தாலோ தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். காம்பைச் சுற்றி முளைக்கும் இரண்டு மூன்று முடிக்குப் பயப்படவே வேண்டாம். பிடுங்கினால் சீழ் வைக்கலாம், கத்தரித்து விடுங்கள்.

ஒரே டாக்டரிடமே இரண்டையும் சொல்லுங்கள், மார்பில் தட்டுப்படுவதையும் பீரியட்ஸ் நின்றதையும். கடைசியாக உதிரம் வந்த தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் உள்ளே போனதும் மறக்காது.