திருநெல்வேலியில் தனியாக வீடெடுத்து, எழுத்து வேலையை மட்டும் நம்பி வாழ்வதில் அன்றாடத் தொல்லைகள் என்ன, சின்னச் சுகங்கள் என்ன?

மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், பதிப்பகத்துக்குச் செம்மையாக்கம், கம்பெனிகளுக்கு விளம்பர வாசகம் எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். தனிமைதான் பெரிய கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது மூன்றாவதோ நான்காவதோதான். முதல் தொல்லை, செய்த வேலைக்குக் காசு என்றைக்கு வரும் என்று தெரியாதது.

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதில் பாதியைத் தீர்த்துவிடலாம். மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் கூலி பேசினால் மூலத்தின் சொல் எண்ணிக்கையை வைத்தே பேசுங்கள். ஆங்கிலத்தில் 1000 சொல் இருந்தால் தமிழில் பெரும்பாலும் ஏறக்குறைய 700 சொல்தான் வரும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'செய்துகொண்டிருக்கிறார்கள்' என்பது கணினிக்கு ஒரே சொல். தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டால் கூலியில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போச்சு.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று ஒன்றிய அரசிடம் பதிந்துகொள்வது. ஆதாரும் பானும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே முடியும். காசு கேட்கும் இடைத்தளங்களை நம்பவேண்டாம். குறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் நல்ல பிடிமானம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பணம் நின்றுபோன பிறகு பதிந்தால் அந்தப் பழைய பாக்கிக்கு உதவாது, ஆகையால் வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். பில்லில் உத்யம் எண்ணையும் "45 நாளுக்குள்" என்ற ஒரு வரியையும் போட்டாலே பல கணக்குப் பிரிவுகள் அசையும். பில்லை வேலை ஒப்படைத்த அன்றே அனுப்புங்கள், மாதக் கடைசி வரை வைத்திருக்காதீர்கள். கூலியிலிருந்து கம்பெனி பிடித்துக்கொண்ட வரி (டிடிஎஸ்) உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனிக் கணக்கில் கிடந்தால்தான் மோசமான கூலிக்கு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்.

பதிப்பக வேலையில் எழுத்துரு ஒரு தனிச் சள்ளை. இன்னமும் சில இடங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறார்கள். ஒருங்குறியிலிருந்து (யூனிகோட்) மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் குப்பையாகிவிடும். 'கௌ'வில் வரும் குறியும் 'ள'வும் பழைய எழுத்துருவில் ஒரே உருவம். திரும்ப மாற்றும்போது 'கௌரி', 'கெளரி'யாக நிற்கும், கண்ணுக்கும் எளிதில் தெரியாது. 'ஸ்ரீ', 'க்ஷ', மேற்கோள் குறி மூன்றையும் தேடிப் பாருங்கள். கடைசி மெய்ப்பை வேர்டு கோப்பில் பார்ப்பதில் பயனில்லை. பக்கம் கட்டிய பிடிஎஃப்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது தொல்லை மனிதர்கள். டவுன், பாளையங்கோட்டைப் பக்கம் வளவு வீடுகளில் (ஒரே வளாகத்துக்குள் பல குடித்தனம்) வாடகை குறைவாகக் கிடைக்கும். ஆனால் பகலில் கதவு திறந்திருந்தால், "சும்மாதான இருக்கீய, சிலிண்டர் வந்தா கொஞ்சம் வாங்கி வச்சிருங்க" என்று ஆரம்பித்துவிடும். கோபப்பட்டுப் பலனில்லை. "காலையில ஆபீஸ் வேலை ஓடுது ஆச்சி, பன்னெண்டு மணிக்கு மேல சொல்லுங்க" என்று ஒரே நேரத்தை ஒரு மாதம் மாற்றாமல் சொன்னால் வளவு முழுக்கப் பழகிவிடும். தார்சாவில் (வீட்டின் முன்கூடம்) உட்கார்ந்து எழுதாதீர்கள், உள்ளறைதான் சரி. அதே சமயம் இந்த உறவை அறுத்துக்கொள்ளவும் கூடாது. தனியாக இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வருவது அந்த ஆச்சி வீட்டிலிருந்துதான். மாற்றுச் சாவி ஒன்றை அங்கேயே கொடுத்து வையுங்கள்.

மின்தடை: பராமரிப்பு நாட்களில் பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை கரண்ட் இருக்காது, முந்தின நாள் பேப்பரில் ஊர்ப்பெயரோடு வந்துவிடும். திடீரென்று போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் ஒரு ஃபேன், மடிக்கணினி, மோடம், ஒரு எல்இடி விளக்குக்கு ஆறேழு மணி நேரம் தாராளம். வாடகை வீட்டில் அவ்வளவு செலவு வேண்டாமென்றால் மோடத்துக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் போதும். மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் மோடம் கெடும். தெருவில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்கே பேட்டரி இல்லையென்றால் இதுவும் பலிக்காது. அதனால் வேறு கம்பெனி சிம் ஒன்று கைவசம் வேண்டும்.

வீடு பார்க்கும்போது மாடி கிடைத்தால் மாடி. சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளில் 2023 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்தது. எந்த வீடானாலும் புத்தகம் தரையில் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். கரையானுக்கு அந்த இரண்டு வழியும் போதும்.

ஒற்றை ஆள் சமையலுக்கு உளுந்தஞ்சோற்றை விடத் தோதானது எனக்குத் தெரிந்து இல்லை. கெடு நெருக்கும் நாளில் ஒரே குக்கர், தனியாகக் குழம்பு, கறி என்று வெஞ்சனம் தேடவேண்டாம். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் உடைத்த தொலி உளுந்து, கால் ஸ்பூன் வெந்தயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், இரண்டேகால் டம்ளர் தண்ணீர், உப்பு. நான்கு விசில். உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுப்பதுதான் முக்கியம். வறுக்காவிட்டால் வழவழக்கும், கருகினால் கசக்கும். ஆறினால் இறுகிவிடும், ஆகையால் இரவுக்கும் சேர்த்து வைக்காதீர்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்: எள் வெடித்து அடங்கும்போதே இறக்கி, மிளகாய் வத்தல், புளி, உப்பு சேர்த்து அரைக்கவும். தேங்காய் சேர்க்காமல் அரைத்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். புளிமிளகாயை (புளிக்கரைசலில் வேகும் பச்சைமிளகாய்) நல்லெண்ணெய் மேலே மிதக்க வற்றவைத்து எடுத்தால் இன்னும் அதிக நாள். தோசைக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அது போதும்.

சுகங்கள் பெரும்பாலும் நேரம் நம் கையில் இருப்பதால் வருபவை. மகாராஜநகர் உழவர் சந்தைக்கு ஞாயிறு நெரிசலில் போகத் தேவையில்லை. செவ்வாய் புதனில் காலையில் போனால் ஒருவருக்கு வேண்டிய கால் கிலோ காயை நின்று பொறுக்கி வாங்கலாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் வேலைநாள் மத்தியானம் உட்கார்ந்து பழைய நூல்களைப் புரட்டலாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்காகவே மேற்கு ஜன்னல் உள்ள அறையை எழுத வைத்துக்கொள்ளலாம், தாள் பறக்காமல் மேலே கனமாக ஏதாவது வைத்தால் சரி. சித்திரை வெயிலில் அதே அறை வேகும். அப்போது அதிகாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் கனமான வேலையை முடித்துவிட்டு வெளியே கிளம்புங்கள். பனை ஓலைப் பட்டையில் நுங்கு போட்டுப் பயினி (பதநீர்) விற்பவர்கள் அந்த நேரத்தில் சாலையோரம் இருப்பார்கள். அங்கேயே குடிப்பதுதான் நல்லது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியிருந்தாலும், வீட்டுக்கு வாங்கிவந்து வெயிலில் வைத்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.