கேள்வி–பதில்: மேற்கோள் எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: ஐயா, நான் விளையாட்டுச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். என் ஆய்வுக்கு மிகவும் பயன்படும் அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுதளப் பக்கத்தில் எச் குறியீடு 30 என்று காட்டுகிறது. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே வேதியியல் பேராசிரியர் ஒருவருக்கு 42 இருக்கிறது. அப்படியானால் நான் பின்பற்றும் பேராசிரியர் அவ்வளவு பெரிய ஆய்வாளர் இல்லையா?
— ஓர் ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: அந்த முடிவுக்கு வரக் கூடாது. எச் குறியீட்டை 2005-இல் முன்வைத்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவர் எழுதியவற்றுள் 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 13 கட்டுரைக்கு 13 மேற்கோள் என்ற படியை அவர் இன்னும் எட்டவில்லையென்றால், அவருடைய எச் குறியீடு 12. அந்த முதற்கட்டுரையிலேயே ஹிர்ஷ், இயற்பியலில் முன்னணியில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110 என்றும், உயிரியல் பக்கத்தில் சாலமன் ஸ்னைடருக்கு 191 என்றும் கணக்கிட்டு, துறை மாறினால் இந்த எண்ணின் அளவும் மாறும் என்பதைச் சொல்லிவிட்டார். விட்டனைவிட ஸ்னைடர் பெரிய அறிஞர் என்று அதைக் கொண்டு யாரும் சொல்லவில்லை. உங்கள் பேராசிரியரை மட்டும் வேதியியல் தராசில் வைத்து நிறுப்பானேன்?

இரண்டு துறைகளும் வேலை செய்யும் முறையே வேறு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆண்டுக்குப் பல கட்டுரைகள் வெளியிடுவது இயல்பு. விளையாட்டுச் சமூகவியலில் ஒருவரோ இருவரோ ஓர் அணியின் ரசிகர்களோடோ ஒரு பயிற்சிக்கூடத்திலோ ஆண்டுக்கணக்கில் பழகி, அதன் பிறகே ஒரு கட்டுரையோ நூலோ எழுதுகிறார்கள். அதைப் படித்து மேற்கோள் காட்டக்கூடியவர்களின் வட்டமும் சிறியது. இத்துறையின் பன்னாட்டு ஆய்விதழ் 1966-இல் தொடங்கியது. அமெரிக்காவில் இதற்கென்றே நடக்கும் இரண்டு முக்கிய இதழ்கள் 1977-இலும் 1984-இலும் வந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய இதழ்களைக் கொண்ட துறையில் 30 என்பது மிக நல்ல நிலை என்பதே என் கருத்து.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதே துறையில், ஏறத்தாழ அதே காலத்தில் எழுதத் தொடங்கியவரோடு ஒப்பிடுங்கள். எச் குறியீடு ஏறுமே தவிர இறங்குவதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவருக்கும் அது ஏறிக்கொண்டிருக்கும். தம் கண்டுபிடிப்பு கடுமையான பக்கவிளைவுகளை உண்டாக்கக்கூடும் என்று 2020-இல் ஹிர்ஷே எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கால்பந்து ரசிகர் வன்முறையை ஆராய்ந்த எரிக் டன்னிங்கை விளையாட்டுச் சமூகவியலின் முன்னோடி என்கிறார்கள். அவர் போன்ற ஒருவரின் தாக்கத்தை மேற்கோள் எண்ணால் அளந்துவிட முடியுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: பாதி அளக்கலாம். மீதிப் பாதி கணக்கில் வராமல் நழுவிவிடும். நழுவுகிற அந்தப் பகுதிதான் டன்னிங்கைப் பொறுத்தவரை முக்கியமானது.

1936-இல் பிறந்து 2019-இல் மறைந்த டன்னிங், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் படிக்க வந்து, அங்கே ஆசிரியராக இருந்த நோர்பர்ட் எலியாஸின் வகுப்பால் சமூகவியலுக்குத் திரும்பியவர். விளையாட்டை ஆராய்வது அறிவாளிகளுக்கு அழகல்ல என்ற எண்ணம் பரவலாக இருந்த நாட்களில் இருவரும் அதைக் கையில் எடுத்தார்கள். கென்னத் ஷியர்டுடன் ரக்பியின் வரலாற்றுச் சமூகவியலை எழுதியது 1979-இல். ஜான் வில்லியம்ஸ், பேட்ரிக் மர்ஃபி ஆகியோருடன் ரசிகர் வன்முறை பற்றி எழுதிய நூல்கள் 1984-இலும் 1988-இலும் வந்தன. எலியாஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு 1986-இல் நூலாயிற்று. இவற்றில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள்: எல்லாம் நூல்கள், எல்லாம் கூட்டாக எழுதியவை.

எதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணைகளோ ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணுவதற்காகப் பிறந்தவை. அவற்றுள் ஒன்றான வெப் ஆஃப் சயின்ஸ் நூல்களுக்கென்று தனி அட்டவணையைத் தொடங்கியதே 2011-இல்தான். கூகுள் ஸ்காலர் நூல்களையும் எண்ணும் என்பது உண்மை. ஆனால் எச் குறியீட்டின் கணக்கில், நாலாயிரம் முறை மேற்கோள் பெற்ற ஒரு நூலும், முப்பதே முறை பெற்ற ஒரு கட்டுரையும், குறியீடு 30 உள்ளவருக்கு ஒரே மதிப்புடையவை. வாழ்நாளின் உழைப்பை நாலைந்து கனமான நூல்களில் இறக்கி வைத்தவருக்கு இந்தக் கணக்கு இழைக்கும் அநீதி சிறிதன்று. கூட்டு நூல் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. எலியாஸுக்கும் டன்னிங்குக்கும் உரிய 1986-ஆம் ஆண்டு நூலின் மேற்கோள்கள் இருவர் கணக்கிலும் முழுமையாகவே ஏறும். எந்தக் கருத்து யாருடையது என்று எண் பிரித்துச் சொல்லாது.

இனிக் காலம். ஓர் ஆய்விதழின் தாக்கக் காரணி, வழக்கமான கணக்கின்படி, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. டன்னிங்கின் சிந்தனைக்கு அடித்தளமான எலியாஸின் பெருநூல் 1939-இல், போர் மூண்ட ஆண்டில், சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் மொழியில் வெளியாகி, ஏறத்தாழக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1969-இல் மறுபதிப்பு வந்த பிறகே ஐரோப்பா அதைப் படித்தது. ஆங்கிலத்தில் முதற்பகுதி வந்தது 1978-இல். ஈராண்டு அளவுகோலை அன்று வைத்திருந்தால் அந்த நூல் தேறியிருக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, மேற்கோளின் உள்ளே இருக்கும் குரல். வன்முறையில் இறங்கும் ரசிகர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்தின் அடித்தட்டிலிருந்து வருகிறார்கள், அங்கே ஆண்மையைச் சண்டையில் நிரூபிக்கும் வழக்கம் இருக்கிறது என்ற லெஸ்டர் குழுவின், அதாவது டன்னிங்கும் அவரோடு எழுதியவர்களும் முன்வைத்த, வாதத்தைப் பலர் ஏற்கவில்லை. ஷெஃபீல்ட் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களோடு நெடுநாள் பழகிய மானிடவியலாளர் கேரி ஆம்ஸ்ட்ராங் 1998-இல் வெளியிட்ட நூலில் அதைக் கடுமையாக மறுத்தார். மறுப்பவரும் மேற்கோள் காட்டித்தான் மறுக்க வேண்டும். ஆகவே டன்னிங்கின் கணக்கில் ஏறிய மேற்கோள்களில் கைகுலுக்கலும் உண்டு, குத்துச்சண்டையும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற எண்ணத்தை அறிவியலாளர்கள் முன் வைத்தபோது, அவருக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்க வழக்கறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பயன்படுத்திவந்த ஷெப்பர்டு என்ற தீர்ப்பு அட்டவணை. ஒரு தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் எடுத்தாண்டிருக்கின்றன என்பதோடு, பின்பற்றினவா, வேறுபடுத்திக் காட்டினவா, செல்லாது என்று தள்ளினவா என்பதையும் அது குறித்துவைக்கும். வழக்கறிஞருக்கு அது இல்லாமல் ஆகாது. தள்ளப்பட்ட தீர்ப்பைக் கொண்டுபோய் நீதிபதி முன் நின்றால் என்ன ஆகும்! அறிவியலுக்கு வந்தபோது அந்தக் குறிப்பு விடுபட்டு, எண்ணிக்கை மட்டும் தங்கிவிட்டது. டன்னிங்கின் தாக்கத்தை அறிய விரும்புபவர் அந்த விடுபட்ட குறிப்பைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். அதாவது, மேற்கோள் காட்டியவர்களைப் படிக்க வேண்டும்.

கேள்வி: தன் பழைய கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டுவது மோசடிதானே?
— கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: அதற்காகவே மோசடி என்று சொல்ல முடியாது. ஒரே களத்தில் தொடர்ந்து வேலை செய்பவர் தம் முந்தைய தரவைச் சுட்டாமல் எழுதினால்தான் வாசகருக்குக் குழப்பம். பொருளுக்குத் தேவையில்லாத இடத்தில் சுட்டினால் அது வேறு கதை. அதைக் கண்டுபிடிக்கக் கட்டுரையைத் திறந்து இரண்டு பத்தி படித்தாலே போதும்.

கேள்வி: மேற்கோள் நிறைய கிடைத்தால் சமூகத்தில் மாற்றம் வந்துவிட்டது என்று பொருளா?
— வாசகி, திருச்சி

பதில்: விளையாட்டுச் சமூகவியலில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது, சற்றுக் கசப்பான சான்று. அமெரிக்கத் தொலைக்காட்சியின் விளையாட்டுச் செய்திகளில் பெண்களின் போட்டிகளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று சமூகவியலாளர் மைக்கேல் மெஸ்னரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1989-இல் கணக்கெடுத்தார்கள். பிறகு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதே கணக்கைத் திரும்ப எடுத்தார்கள். பிற்காலத்தில் செரில் குக்கி அதன் முதன்மை ஆய்வாளர்களில் ஒருவரானார். தொடக்கத்தில் இது ஆய்விதழில் வரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் 1984 ஒலிம்பிக் போட்டியின் உபரி நிதியால் அமைந்த அறக்கட்டளை ஒன்றின் அறிக்கையாகவே வந்தது. பெண்களின் விளையாட்டையும் ஊடகத்தையும் பற்றி எழுதுபவர் எவரும் இந்த ஆய்வைத் தொடாமல் போவது அரிது. அந்த அளவில் மேற்கோள் வெற்றி முழுமையானது.

இனி ஆய்வு சொன்ன எண்ணைப் பாருங்கள். 1989-இல் பெண்களுக்குக் கிடைத்த நேரம் 5 விழுக்காடு. முப்பது ஆண்டுகள் கழித்து, 2019-இல், 5.4 விழுக்காடு. ஆய்வுலகம் இவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. செய்தி ஆசிரியர்கள் கேட்கவில்லை. அதற்காக ஆய்வு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றும் மாறவில்லை என்பதை முப்பது ஆண்டுக் கணக்கோடு நிறுவுவதற்கு வேறு வழியில்லை, அந்த வேலையை ஒரே கேள்வியோடு பொறுமையாகச் செய்தவர்கள் இவர்கள். இப்படி ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்பவரைப் புதுமை இல்லாதவர் என்று கருதும் பதவி உயர்வுக் குழு எதுவானாலும் அதன் அளவுகோலில்தான் கோளாறு.

கேள்வி: என் கட்டுரைகள் பாதி வேறொருவர் பெயரில் சேர்ந்துவிட்டன. என்ன செய்வது?
— உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. தந்தை பெயரின் முதலெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும் போட்டு, மூன்றாவதில் அதை முழுமையாக விரித்தும் எழுதினால் கணினிக்கு நீங்கள் மூன்று பேர். அதே முதலெழுத்தும் பெயரும் கொண்ட இன்னொருவர் இருந்தால் அவரும் நீங்களும் ஒரே ஆள். 2012-இலிருந்து இயங்கும் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணைக் கட்டணமின்றிப் பெற்று, இனி அனுப்பும் எல்லாக் கட்டுரைகளிலும் அதைச் சேருங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் உங்களுடையவை அல்லாதவற்றை நீங்களே நீக்கலாம், விடுபட்டவற்றைச் சேர்க்கலாம். பெயரை எழுதும் முறை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதையே கடைசிவரை மாற்றாமல் வைத்திருங்கள்.