ஊபே ஹலாயா ஏன் மங்கிப் போகிறது?

கேள்வி: வீடியோ பார்த்து, ஊபே என்கிற ஊதா வள்ளிக்கிழங்கில் பிலிப்பைன்ஸ் இனிப்பான ஊபே ஹலாயா செய்தேன். அதில் பளிச்சென்ற ஊதா. என் சட்டியிலோ சாம்பல் பூத்த நிறம். போதாக்குறைக்குக் கட்டி கட்டியாக வேறு. அடுத்த முறை ஊதா சர்க்கரைவள்ளியில் செய்யலாமா?

பதில்: கிழங்கின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் பார்த்த பளிச் நிறத்தில் பாதி, பெரும்பாலும் பாட்டிலில் வரும் ஊபே எசென்ஸ். வெறும் கிழங்கும் பாலும் சேர்ந்தால் மங்கலான இளம் ஊதாதான் வரும். வாசனை நன்றாக இருந்தால் நிறத்தை நான் பொருட்படுத்த மாட்டேன். வேண்டுமானால் கடைசியில் ஒரு டீஸ்பூன் எசென்ஸ் விடுங்கள். சமையல் சோடா மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இந்த ஊதாவைத் தருவது ஆந்தோசயனின் என்கிற இயற்கை நிறமி. சோடா பட்டால் நீலமாகி, பச்சைக்கும் போய்விடும்.

சர்க்கரைவள்ளி வேறு குடும்பம், இனிப்பும் அதிகம். ஹலாயா வரும், ஆனால் ஊபேயின் அந்த லேசான வெனிலா வாசனை வராது. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சுகிற ராசவள்ளிக் கிழங்கு கிடைக்குமா என்று பாருங்கள். ஊபேயும் அதே இனம்தான்.

கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் அரைவேக்காடு, இல்லையென்றால் ஆறிய பிறகு மசித்தது. தோலோடு முழுசாக வேகவையுங்கள், பச்சையாகத் தோல் சீவினால் கை அரிக்கும். குச்சி தடையில்லாமல் இறங்கியதும் தோலை உரித்து, சூட்டோடு துருவுங்கள். மிக்ஸி வேண்டாம், பசை மாதிரி ஆகிவிடும்.

ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு டின் தேங்காய்ப்பால், 100 கிராம் வெண்ணெய். முதலில் வெண்ணெயை உருக்கி, பால் இரண்டையும் ஊற்றி, அப்புறம் கிழங்கைச் சேருங்கள். அடிகனமான பாத்திரம், சிறு தீ, விடாத கிளறல். அரை மணி நேரத்துக்குக் குறையாது. நம் அல்வாவுக்கு ஆகிற அதே கைவலிதான். ஓரம் விட்டுச் சுருண்டு, கரண்டியிலிருந்து வழியாமல் பொத்தென்று விழுந்தால் பதம். பலர் இதற்கு முன்பே இறக்கிவிட்டு, தளதளவென்று இருக்கிறதே என்கிறார்கள்.

வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் அழுத்தி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிஞ்சினால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஹாலோ ஹாலோ என்கிற ஐஸ் இனிப்புக்குச் செய்வதுபோல், சீவிய ஐஸும் பாலும் சேர்த்து மேலே ஒரு கரண்டி வைத்துச் சாப்பிடலாம்.