இரண்டு வரிசையிலும் சேர்ந்தே நில்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. "அம்மா" என்றுகூட இன்னும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. மின்விசிறி சுற்றுவதையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இவன் அப்பனும் நாலு வயசில்தான் பேசினான்" என்கிறார் மாமியார். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவர், ஆட்டிசமாக இருக்கலாம் என்று சொல்லி வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். ஒரு வகுப்புக்கு 500 ரூபாய், பஸ் செலவு தனி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசு உதவி உண்டா? எங்கே தொடங்குவது? அடுத்த மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். பிள்ளையை அழைத்துவர வேண்டாம் என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத தாய், கடையநல்லூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசிய பிள்ளைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆனால் கூப்பிட்டால் திரும்பாதது வேறு சங்கதி. முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிள்ளை தூங்கும்போதே எடுக்கும் 'பெரா' பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் அக்கா மகனுக்கு இப்போது 26 வயது. அவன் சிறுவனாக இருந்தபோது, ஊனமுற்றோர் சான்றிதழ் கைக்கு வரட்டும், பிறகு பயிற்சியில் சேர்க்கலாம் என்று நினைத்தோம். ஊனமுற்றோருக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. "இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஒரு எழுத்தர். கோப்பு இரண்டு முறை தொலைந்தது. ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று; அந்த ஒன்றரை வருடமும் பிள்ளை சும்மா இருந்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: பயிற்சிக்கு ஒரு வரிசை, காகிதத்துக்கு ஒரு வரிசை. இரண்டிலும் ஒரே வாரத்தில் போய் நில்லுங்கள்.

பயிற்சிக்கு முதலில் அரசு மருத்துவமனை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கவென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. இந்தப் பெயரைச் சொன்னால் வாசலில் யாருக்கும் புரியாது, டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் என ஒரே இடத்தில் பார்ப்பார்கள். பிறந்தது முதல் 18 வயது வரை கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சீட்டு எழுதி வாங்கிப் போனால் வேலை சுலபம். குழு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, நேரே போகலாம்.

உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவருகிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமைப்பு அது. அவர்களின் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே போய்ச் சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வருவார்களா என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். வாரம் மூன்று நாள் திருநெல்வேலிக்கு அலைவதைவிட அது மேல்.

பயிற்சி என்றால் ஏதோ இயந்திரம் வைத்துச் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு பிஸ்கட் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப் போவான் இல்லையா? உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிஸ்கட்டை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து, "தா" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிஸ்கட்டைப் பார்க்கிற கண் ஒரு நொடி உங்கள் கண்ணுக்கு வந்தால் போதும், கொடுத்துவிடுங்கள். என் அக்கா இதை நாற்பது நாளுக்கு மேல் செய்தாள். முதலில் வந்தது "தா" அல்ல, வெறும் "ஆ". அன்றைக்கு டப்பா காலியாகிவிட்டது. வாரத்தில் மூன்று மணி நேரம் ஒருவர் சொல்லித்தருவதை மற்ற நாளெல்லாம் வீட்டில் செய்யப்போவது நீங்கள்தான். ஆகையால், கதவைச் சாத்திக்கொண்டு தாயை வெளியே உட்காரவைக்கிற இடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று எவராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை நிரூபிக்கப்பட்டதல்ல.

இனி, காகித வரிசை. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம் அதில் தன் பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ முகாம் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுப் போங்கள். சான்றிதழோடு, நாடு முழுவதும் செல்லும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். அறிவுத்திறன் குறைபாடும் இருக்கிறதா என்று மதிப்பிட்டு எழுதும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அது 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்குப் போகும் உங்களுக்கும் கட்டணம் இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் 'நிரமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். பலருக்கு இது தெரியாது. எல்லாத் தாளையும் ஐந்து நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரை இப்போதே பார்த்துப் பெயரைப் பதிந்து வையுங்கள். இந்த அலைச்சலில் உங்களைப் போலவே பையும் பிள்ளையுமாகக் காத்திருக்கும் ஒரு தாயைச் சந்திப்பீர்கள். அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மேசையில் எந்த ஆள், எந்த நாளில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு அழைத்துப் போங்கள். அவன் அந்த வீட்டுப் பிள்ளை. மேளத்தையும் ஒலிபெருக்கியையும் விட்டுத் தள்ளியே உட்காருங்கள், பழகிய சட்டையே போட்டுவிடுங்கள், பிஸ்கட் டப்பா கையில் இருக்கட்டும். தாலி கட்டும்போது கெட்டிமேளம் தொடங்குமுன் யாராவது அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். கணவர் அன்றைக்கு ஊரில்தான் இருப்பார்; அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.